கூடாரத்தின் மண்டை

வெள்ளானூரில் எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை நடந்த அன்று நிலமும் கிணறும் மாடுகளும் ஒரு முற்பகலுக்குள் பிரிந்துவிட்டன. கூடாரத்தைப் பிரிப்பதற்குத்தான் பிற்பகல் முழுவதும் தேவைப்பட்டது.

அந்தக் கூடாரம் ஆவடியில் படைத்துறையினர் கழித்த பொருள்களை ஏலம் விட்ட நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெரியப்பாவும் என் தந்தையும் சேர்ந்து எடுத்தது. ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பானை சட்டியோடும் கோழிகளோடும் வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய், தோப்பில் இரண்டு மூன்று நாள் தங்கி, பொங்கலிட்டு, வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றிவிட்டுத் திரும்புவது வழக்கம். மற்றவர்கள் வண்டிக்கு அடியிலும் மரத்துக்கு அடியிலும் படுத்திருக்க, நாங்கள் மட்டும் பச்சைத் துணிக் கூடாரத்துக்குள் படைத்தலைவர் குடும்பம்போல் அமர்ந்திருப்போம். அந்தப் பெருமையில் இரு வீட்டாருக்கும் பங்கு இருந்தது. ஆகவே பிரிக்கும்போதும் இரு வீட்டாருக்கும் பங்கு வேண்டியிருந்தது.

பிரிவினைக்குக் காரணம் என் தந்தை அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது. அதைப் பெரியப்பாவால் ஏற்க முடியவில்லை. "சங்கு ஊதனா ஓடறவனுக்கு ஏர் எதுக்கு?" என்று அவர் பலர் முன்னிலையில் கேட்டுவிட்டார். என் தந்தை மறுவாரம் பெரியவர்கள் ஐவரை அழைத்து வந்துவிட்டார்.

கூடாரத்தை நடுவில் கிழித்துவிடலாம் என்று ஐவரில் ஒருவர் சொன்னார். அன்று நாள் முழுவதும் எல்லோரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். இறுதியில், துணி தம்பிக்கு, இரும்பு அண்ணனுக்கு என்று முடிவாயிற்று. தீர்ப்பு நேர்மையானதுதானா என்று பார்க்க, இரண்டு ஆள்களை விட்டு இரண்டு மூட்டைகளையும் தூக்கச் சொன்னார்கள். எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பெரியவர்கள் மனநிறைவோடு மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இரும்பில்லாமல் துணி நிற்காது, துணியில்லாமல் இரும்பு நிழல் தராது என்பது அண்ணன் தம்பி இருவருக்கும் தெரிந்தே இருந்தது. மற்றவர் ஒருநாள் கேட்டு வருவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அடுத்த ஆடி வந்து போயிற்று. யாரும் கேட்கவில்லை. யாரும் பெரியபாளையம் போகவும் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு கட்டத்தில் நான் தேற மாட்டேன் என்று நினைத்துவிட்டார்களாம். பிள்ளை எழுந்து நடந்தால் ஆடி மூன்றாம் ஞாயிறன்று உன் எல்லையில் வந்து தங்குகிறேன் என்று அம்மா பெரியபாளையத்து அம்மனிடம் நேர்ந்துகொண்டார். நான் எழுந்து நடந்தேன். வைகாசியில் என் தம்பி பிறந்தான். ஆனி பாதி கடந்தபோது அம்மாவுக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது.

"வேண்டிகினது நானு. போவாம இருக்க முடியாது. மழ புடிச்சிகினா இந்தப் பச்சப்புள்ளைய எங்க வச்சிகினு ஒக்காருவேன்?"

"கூடாரம் கீதே," என்றார் என் தந்தை.

"துணி கீது. எதுமேல நிக்கும்? உன் தலைமேலயா?"

என் தந்தை அன்று மாலையே துணியை விரித்து அளந்தார். அடுத்த வாரத்தில் கம்பிகளுக்கு ஈடாக எட்டு இரும்புக் குழாய்கள் வந்துவிட்டன. நடுக்கம்பத்துக்குச் சவுக்கு கிடைத்தது. முளைகளை அவரே செதுக்கினார். கிடைக்காமல் நின்றது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் அதை மண்டை என்போம். பூசணிக்காயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற்போன்ற வார்ப்பிரும்பு. சுற்றிலும் சாய்வாக எட்டுத் துளைகள், அடியில் நடுக்கம்பத்துக்கு ஒரு பெரிய துளை. கம்பத்தின் உச்சியில் அது அமர்ந்து, எட்டுக் கம்பிகளும் அதில் செருகிக்கொண்டால்தான் துணி குடைபோல விரியும்.

அந்த மண்டை எங்கே இருந்தது என்பதை நான் அறிவேன். பெரியப்பா வீட்டு முற்றத்தில் கோழிக்கூடையின்மேல் பாரமாகக் கவிழ்ந்திருந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையே இருந்தது இடுப்பளவு முள்வேலி. என் தந்தை நாள்தோறும் காலையும் மாலையும் அந்த வேலியை ஒட்டித்தான் மிதிவண்டியில் போய்வந்தார். அப்படிப் போகும்போது அவர் முகம் எப்போதும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். ஆகையால் அவர் அதைக் கண்டதே இல்லை என்று நான் எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் மண்டை தேடப் புறப்பட்டோம். குழாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்துத் துணிப்பையில் போட்டு என்னிடம் தந்திருந்தார். எந்தத் துளையைக் கண்டாலும் அதில் அந்தத் துண்டைச் செருகிப் பார்ப்பது என் பொறுப்பு. நோயிலிருந்து எழுந்த எனக்கு இப்படியொரு பதவி கிடைத்ததில் பெருமை தாங்கவில்லை.

முதல் ஞாயிறு ஆவடியில் ஒரு காயலான் கடைக்குப் போனோம். பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே ஒரு பீப்பாயின்மேல் அமர்ந்திருந்த கடைக்காரர், என் தந்தை சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மண்டைய மட்டும் தனியா யாரு அண்ணாத்தே போடுவாங்க? கூடாரம் வந்தா மண்டையோடதான் வரும். உன்து எங்க போச்சு?"

"பிரிஞ்சி போச்சு."

"அது எப்டி பிரியும்? வார்ப்பு ஆச்சே."

என் தந்தை, கிடைத்தால் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லி. பந்தல் சாமான் வாடகைக்கு விடுபவர் ஒருவர், இறக்கை கழன்ற மின்விசிறியின் நடுப்பகுதியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் மூன்று துளைகளே இருந்தன. மீதி ஐந்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்றார். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர் ஒருவர் சக்கரத்தின் நடுவில் ஆரக்கால்கள் செருகும் தேய்ந்துபோன குடத்தை எடுத்துத் தந்தார். என் கைத்துண்டு அதில் நன்றாகவே நுழைந்தது. ஆனால் துளைகள் சாய்வின்றி நேராக இருந்தன. "இதுல கட்னா கூடாரம் தோச மாரி கெடக்கும்" என்று தச்சரே வருந்திச் சொன்னார்.

பிறகு உள்ளூர்க் கொல்லர் தகட்டை வளைத்து ஒரு மண்டை அடித்துத் தந்தார். அதை மாட்டி எங்கள் முற்றத்தில் கூடாரத்தை நிறுத்தினோம். நின்றது. என் தந்தை பின்வாங்கி நின்று பார்த்தார். அம்மா தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாயிலருகே வந்தார். அப்போது ஒரு குழாய் தன் துளையைவிட்டு மெல்ல வெளியேறிற்று. அதைப் பின்பற்றி மற்ற ஏழும் வெளியேறின. துணி பெருமூச்சு விட்டதுபோல் தரையில் அமர்ந்தது.

"நல்ல வேள, உள்ள போவல," என்றார் அம்மா.

வேலிக்கு அப்பால் யாரோ இருமினார்கள். என் தந்தை நிமிர்ந்து பார்க்காமல் துணியைச் சுருட்டினார்.

மூன்றாவது பயணம் கொரட்டூருக்கு. தொழிற்சாலையில் என் தந்தையோடு வேலை செய்தவர் ஒருவர் அங்கே தம் வீட்டுக்குப் பின்னால் சிறிய வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். நான் நம்பிக்கையோடு பையைத் திறந்தேன். அவர் குழாய்த் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இத வச்சிகினு நான் இன்னா பண்றது? மாதிரி ஒண்ணு கொண்டா மச்சான். மண்ணுல அச்சு எடுத்து எட்டு நாளுல ஊத்திக் குடுத்துர்றேன்."

"மாதிரி இல்லையே."

"ஒடஞ்சதா இருந்தாலும் பரவால்ல. ஒரு மண்ட கூடவா ஒலகத்துல இல்ல? ஒரு நாளு கடன் வாங்கிகினு வா. வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரு."

என் தந்தை குழாய்த் துண்டை வாங்கிப் பைக்குள் போட்டார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஏரிக்கரை வழியே திரும்பினோம். முன்கம்பியில் அமர்ந்திருந்த நான், இனியும் சும்மா இருப்பது தகாது என்று துணிந்தேன்.

"நைனா, பெரிப்பா ஊட்டுல கோழிக்கூட மேல ஒண்ணு கீதே, அது மண்டதானே?"

மிதிவண்டி சற்றுத் தள்ளாடி மீண்டும் நேரானது.

"அது வேற," என்றார்.

"அதே மாரிதான் கீது நைனா."

"மாரி இருந்தா? வேறதான்."

என் தந்தை பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் என் கண்ணும் எனக்குப் பொய் சொன்னதில்லை. இரண்டில் எது சரி என்று அறிவதற்கு என்னிடம் அளவுகோல் இருந்தது. மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் வேலியின் இடுக்கில் நுழைந்து பெரியப்பா முற்றத்துக்குப் போனேன். கோழிகள் கூச்சலிட்டன. நான் மண்டையின் ஒரு துளையில் குழாய்த் துண்டைச் செருகினேன். ஒரு முடி இழைக்கும் இடமில்லாமல் உள்ளே போயிற்று.

"இன்னாடி, கூடைய தூக்க வந்தியா, கோழிய தூக்க வந்தியா?"

பெரியப்பா மாட்டுக்கு வைக்கோல் எடுத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். பிரிவினைக்குப் பின் அவர் என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை.

"நைனா தேடற மண்ட இதானான்னு பாக்குறேன் பெரிப்பா. நைனா வேறன்றாரு."

"அப்டியா சொன்னான்?"

"ஆமா."

"கொழா உள்ள போவுதா?"

"போவுது."

அவர் வைக்கோலைக் கீழே போட்டார். என் கையிலிருந்து துண்டை வாங்கி ஒவ்வொரு துளையாகத் தாமே செருகிப் பார்த்தார். எட்டிலும் போயிற்று. ஒரு துளையின் விளிம்பில் மட்டும் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு துண்டை என்னிடமே தந்தார். "உங்கப்பன் படிச்சவன். வேறன்னு சொன்னா வேறதான்."

நான் திரும்பினேன்.

"கோயிலுக்கு எப்போ?"

"மூணாம் ஞாயித்துக்கெழம. ஆவடி காயலாங்கடைல நைனா சொல்லி வச்சிகீறாரு. மண்ட கெடைக்கலன்னா போவ மாட்டோம். பாப்பா மழைல நனையக் கூடாதாம். ஆனா போவலன்னா எனுக்குத் திரும்பவும் அம்ம போடும்னு அம்மா அழுதுகினு கீது."

அவர் குனிந்து, என் கன்னத்தில் அம்மை விட்டுப்போன தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார். அவ்விரலில் மாட்டுச் சாணம் இருந்தது. முகத்தைக் கழுவவேண்டி வந்துவிட்டதே என்ற எரிச்சலோடு நான் வீடு திரும்பினேன். குழாய் எட்டுத் துளையிலும் பொருந்தியதை என் தந்தையிடம் சொன்னேன். அவர் உண்பதை நிறுத்தாமல், "அங்கெல்லாம் போவாத," என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் வீட்டில் யாரும் பெரியபாளையத்தைப் பற்றிப் பேசவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று அறிந்த பின்னும் மறுபடியும் தொட்டார்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு ஏழு நாள் இருந்தபோது, கடைசி முயற்சியாக மீண்டும் ஆவடிக்குப் போனோம். காயலான் கடைக்காரர் எங்களைத் தொலைவில் கண்டதுமே பீப்பாயிலிருந்து எழுந்துவிட்டார். உள்ளே போய் ஒரு சாக்கைத் தூக்கி வந்து எங்கள் முன் கவிழ்த்தார். மண்டை உருண்டு வந்து என் காலருகே நின்றது.

நான் துண்டைச் செருகவில்லை. செருகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரு துளையின் விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. உச்சியில் கோழி எச்சம் வெண்மையாகக் காய்ந்திருந்தது.

என் தந்தை அதை இரு கைகளாலும் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சில்லு பெயர்ந்த இடத்தில் அவர் விரலும் ஒரு கணம் நின்றது. பிறகு தோளிலிருந்த துண்டால் எச்சத்தைத் துடைக்கத் தொடங்கினார். அம்மா அன்று காலை வெளுத்துத் தந்த துண்டு அது.

"யாரு கொண்டாந்தாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"யாரோ ஒருத்தரு வந்து எறக்கிட்டுப் போனாரு கண்ணு. கொழாத் துண்டு எடுத்துகினு ஒரு பொண்ணும் அதோட அப்பாவும் வருவாங்க, அவுங்களத் தவுர யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. என் தந்தை ஏதோ கேட்க வாயெடுத்தார். கடைக்காரர் கையை ஆட்டி மறுத்துவிட்டுத் தம் பீப்பாய்க்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரியப்பா வீட்டு மண்டையை யாரோ திருடியிருக்கிறார்கள். திருடியவன் எங்கள் தேவையை எப்படியோ அறிந்து, எங்கள் தலையிலேயே கட்டிவிட்டான். திருட்டுப் பொருள் ஆகையால்தான் கடைக்காரர் காசு வாங்க அஞ்சுகிறார். என் தந்தையோ, கோழிக்கூடையின் பக்கம் திரும்பியே பாராதவர். அவருக்கு இது எப்படித் தெரியும்?

மண்டையைத் துணிப்பைக்குள் மறைத்துவிடலாம் என்று பையை விரித்துப் பிடித்தேன். அவர் அதைக் கவனிக்காமல் கைப்பிடியில் எல்லோரும் காணும்படி கட்டித் தொங்கவிட்டார். வெள்ளானூர் வந்ததும் பெரியப்பா வீட்டு வேலியோரம் மெதுவாக மிதித்தார். தேவையில்லாமல் இருமுறை மணியடித்தார். பெரியப்பா முற்றத்தில் கலப்பைக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. கோழிக்கூடையின்மேல் உடைந்த உரலின் துண்டு ஒன்று இருந்தது.

களவு போனது அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வேறு பாரம் வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். இனி அவர் தேடத் தொடங்குவார். தேடினால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அந்த ஏழு நாளும் வாசலில் காலடி கேட்டபோதெல்லாம் நான் கூடாரத் துணியின்மேல் போய் அமர்ந்துகொண்டேன். அம்மா மட்டும் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தார். மண்டை கிடைத்த செய்தியைக் கேட்டபோது அவர், "எங்க கெட்ச்சா இன்னா, அம்மாதான் குடுத்தா," என்று கையெடுத்துக் கும்பிட்டதோடு சரி.

வாடகை வண்டியில் பெரியபாளையம் சேர்ந்தோம். கூடாரம் தோப்பில் உறுதியாக எழுந்து நின்றது. நான் வேப்பிலை உடுத்தி, அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு கோயிலைச் சுற்றிவந்தேன். பொங்கல் இறங்கிய பிற்பகலில் வானம் இருண்டு, மழை ஒரே வீச்சில் பிடித்துக்கொண்டது. தம்பி கூடாரத்துக்குள் நனையாமல் உறங்கினான்.

நான்கு மரங்களுக்கு அப்பால் ஒரு வண்டி நின்றிருந்தது. அதன் அடியில் பெரியம்மாவும் அவர் பிள்ளைகள் இருவரும் ஒடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடுகளைப் பிடித்தபடி நின்றார். அவர்கள் வந்திருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் தந்தை அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயி உங்க பெரிம்மாவ கூட்டிகினு வா. பசங்களையும்."

நான் தயங்கினேன். "பெரிப்பாவும் வந்துருவாரே நைனா."

"வந்தா வரட்டும்."

பெரியம்மாவும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். மாடுகளை மரத்தில் கட்டிவிட்டுப் பெரியப்பா கடைசியாக வந்து, வாயிலில் நின்றார். அம்மா தம்பியை மடியிலெடுத்து இடம் ஒதுக்கினார். அவர் சாக்கை உதறி வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்து, நடுக்கம்பத்தை ஒட்டி அமர்ந்தார். என் தந்தை அவருக்குத் துண்டை நீட்டினார். தலையைத் துவட்டிக்கொண்டே பெரியப்பா அண்ணாந்து பார்த்தார்.

"கெட்டியான சாமானு. எங்க கெட்ச்சுது?"

"ஆவடில. காயலாங்கடைல."

"தேடனா கெடைக்கும்."

"ஆமா. நாலு எடத்துல தேடனேன்."

"நானும் பாத்துகினுதான் இருந்தேன்," என்றார் பெரியப்பா.

சில்லு பெயர்ந்த துளை அவர் தலைக்கு நேர்மேலே இருந்தது. அதை அவர் கண்டுவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தில், "பெரிப்பா, பொங்கல் சாப்டுறீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, குனிந்து உண்ணவில்லை. தம்பி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றேன்; தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் ஆறறிவு படைத்தும் தம் கண்ணெதிரே இருப்பதைக் காணாதவர்கள், இந்தக் கூடாரத்துக்குள் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தியே என்று உறுதியாக நம்பினேன். கண்ணை இறுக மூடி, பெரியப்பா மேலே பாராமலிருக்க வேண்டும் தாயே என்று நேர்ந்துகொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மழை விடும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார். என் தந்தையும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.